குளுக்கோஸ் மட்டும் உணவாகாது



செஞ்சிப் பக்கம் மாதம் முந்திப் பிறக்கும் குழந்தையை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ, திருவண்ணாமலைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். பாட்டில் ஏறுவதைப் பார்த்ததும், 'சாப்பாடு போகுது' என்று பாட்டிகள் நிம்மதி அடைகிறார்கள். வெறும் குளுக்கோஸ் என்றால் அதில் இருப்பது சர்க்கரைத் தண்ணீர்தான். வளர்ச்சிக்கு அமினோ அமிலமும் கொழுப்பும் வேண்டும்.

இவற்றையும் சேர்த்து ரத்தக்குழாய் வழியே ஏற்றும் நரம்புவழி உணவை எப்போது தொடங்குவது, எவ்வளவு ஏற்றுவது, எப்போது நிறுத்துவது என்பதில் உலகெங்கும் மருத்துவமனைக்கு மருத்துவமனை வழக்கம் மாறுகிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2020இல் வெளியிட்ட நெறிமுறை, 31 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு நரம்புவழி உணவை எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கச் சொல்கிறது. ஆனால் தீவிர சிகிச்சையில் இருந்த 1,440 பிள்ளைகளிடம் பெல்ஜியம், நெதர்லாந்து, கனடாவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், நரம்புவழி உணவை ஒரு வாரம் தள்ளித் தொடங்கிய பிள்ளைகளுக்கே தொற்று குறைவு. அதில் நிறைமாதப் பச்சிளங்குழந்தைகளும் உண்டு. குறைமாதக் குழந்தைகள் இல்லை. ஆகவே இரண்டையும் குழப்பக் கூடாது.

நரம்புவழி உணவு விளையாட்டல்ல. கலவை சுத்தமாக இல்லாவிட்டால் ரத்தத்திலேயே கிருமி ஏறிவிடும், கல்லீரலும் கெடலாம். அதனால்தான் தாய்ப்பாலைச் சொட்டுச் சொட்டாகவாவது சீக்கிரம் தொடங்குகிறார்கள்.

எந்த எடைக்கு, எந்த நாளில், என்ன அளவு என்று மாநிலம் முழுமைக்கும் ஒரே நெறிமுறையைச் சுகாதாரத்துறை தமிழில் சுருக்கி, பச்சிளங்குழந்தைப் பிரிவுகளின் வாசலில் ஒட்ட வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் நரம்புவழி உணவு எத்தனை நாள் ஏறியது என்பதையும் எழுதித் தர வேண்டும்.

– ஒரு வாசகர், செஞ்சி