நிராகரித்த லீடைத் தொடக் கூடாது: அஃபிலியேட் கமிஷன் கணக்கு பற்றி எங்கள் நிலைப்பாடு

ஆலந்தலையிலும் பக்கத்துக் கடற்கரை ஊர்களிலும் செல்போன் வழியாக ரெஃபரல் வேலை பார்க்கும் இளைஞர்களும் பெண்களும் சேர்ந்து நடத்தும் சங்கம் இது. சேமிப்புக் கணக்கு, டிமேட் கணக்கு, கிரெடிட் கார்டு, இன்சூரன்ஸ், ஆன்லைன் படிப்பு என்று நிறுவனங்கள் தரும் லிங்க்கை நாங்கள் வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் பகிர்கிறோம். அதன் வழியாக ஒருவர் விண்ணப்பித்தால் எங்களுக்குக் கமிஷன். அப்படி வரும் விண்ணப்பத்தை லீடு என்றும், லிங்க் பகிரும் எங்களை அஃபிலியேட் என்றும் தொழிலில் சொல்வார்கள். விளம்பரம் தரும் இந்த நிறுவனத்தார் சிலர், வந்த லீடுகளைக் குறைத்துக் காட்டி இந்தக் கமிஷனைப் பிடித்துக்கொள்கிறார்கள். உறுப்பினர்களிடமிருந்து தொடர்ந்து வரும் புகார்களைப் பேசி முடித்து, சங்கம் எடுத்திருக்கும் நிலை இரண்டே வாக்கியம். பணம் கொடுக்க வேண்டியவர் கையில் மட்டும் எண்ணிக்கை இருக்கக் கூடாது. ஒரு லீடை நிராகரிக்கும் நிறுவனம் அந்த லீடைப் பயன்படுத்தவும் கூடாது.

வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். லிங்க்கைத் தொட்டதும் ஒரு கிளிக் ஐ.டி. உருவாகிறது. வாடிக்கையாளர் நிறுவனத்தின் பக்கத்துக்குப் போய்ப் படிவத்தை நிரப்பி முடித்ததும், நிறுவனத்தின் சர்வர் அந்த ஐ.டி.யைக் குறிப்பிட்டு இடையில் இருக்கும் நெட்வொர்க்குக்குத் தகவல் அனுப்ப வேண்டும். இதற்குப் பெயர் போஸ்ட்பேக். அது போனால்தான் எங்கள் கணக்கில் ஒன்று ஏறும். அனுப்புவதும் அனுப்பாமல் விடுவதும் முழுக்க நிறுவனத்தின் விருப்பம். பத்து லீடு வந்தால் எட்டுக்கு மட்டும் அனுப்பும்படி சர்வரில் எழுதி வைக்கச் சில வரிகள் போதும். வெளியில் இருக்கும் எவராலும் அதைப் பார்க்க முடியாது. தொழிலில் இதை ஷேவிங் என்கிறார்கள். இதுபோக, வந்த லீடை ‘டூப்ளிகேட்’ என்றும் ‘தகுதியில்லை’ என்றும் தள்ளுவது உண்டு. பாதிப் படிவத்தில் வாடிக்கையாளரை ஆப்புக்குத் திருப்பிவிட்டு, லிங்க்கின் தடத்தையே அழித்துவிடுவதும் உண்டு. எங்களுக்கு மிகவும் கசப்பானது வேறொன்று. எங்கள் கணக்கைக் காட்டும் டாஷ்போர்டில் லீடை நிராகரித்துவிட்டு, அதே நம்பருக்குத் தாங்களே போன் போட்டு வியாபாரத்தை முடித்துக்கொள்வது.

ஒரு சம்பவம். எங்கள் உறுப்பினர் ஒருவர் அனுப்பிய லிங்க் வழியாக, அதே தெருவில் வள்ளம் வைத்திருப்பவர் ஒருவர் கணக்குத் தொடங்க விண்ணப்பித்தார். வலை பின்னும் கூடத்தில் உட்கார்ந்தபடியே வீடியோ கே.ஒய்.சி. நடந்தது. பின்னால் தொங்கும் வலையில் முகம் மறைகிறது, சுவர்ப் பக்கமாக வாருங்கள் என்று எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் சொல்ல, எழுந்து இடம் மாறி உட்கார்ந்து பான் கார்டைக் காட்டினார். சில நாளில் டெபிட் கார்டு தபாலில் வீட்டுக்கு வந்தது. டாஷ்போர்டில் அந்தக் கிளிக் ஐ.டி.க்கு நேரே ‘ரிஜெக்டட்’ என்று இருந்தது. காரணம் எழுத வேண்டிய கட்டம் காலி. மூன்று மின்னஞ்சலுக்குப் பிறகு வந்த பதில்: எங்கள் சிஸ்டத்தில் அப்படி ஒரு விண்ணப்பம் இல்லை.

கார்டு கையில் இருப்பதால் இந்த ஒன்று வெளியே தெரிந்தது. மற்ற லீடுகளில் வாடிக்கையாளர் எங்கோ இருக்கிறார். அவருக்கு அழைப்பு போனதா, கணக்கு தொடங்கியதா என்று எங்களுக்குத் தெரிய வழியில்லை. போன பணத்தோடு இது முடிவதும் இல்லை. லிங்க்கைத் தொட்டவர்கள் எங்களை நம்பித் தொட்டவர்கள், எங்கள் உறவுக்காரர்கள், ஊர்க்காரர்கள். நிராகரித்ததாகச் சொல்லப்படும் நம்பருக்கு வாரக்கணக்கில் கடன் வேண்டுமா, இன்சூரன்ஸ் வேண்டுமா என்று அழைப்பு வரும்போது, அவர்கள் திட்டுவது நிறுவனத்தை அல்ல, எங்களை.

எண்ணிக்கை குறைவதெல்லாம் திருட்டு என்று நாங்கள் சொல்லவில்லை. ஐபோனின் சஃபாரி 2017 முதல், லிங்க்கின் தடத்தை வைத்திருக்கும் குக்கிகளைக் கட்டுப்படுத்துகிறது. 2021 முதல் ஆப்புகள் பயனரின் தடத்தைத் தொடர ஆப்பிள் அவருடைய அனுமதியைக் கேட்கச் சொல்கிறது. ஒரு போனில் லிங்க்கைத் தொட்டுவிட்டு வேறு போனில் விண்ணப்பிப்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் தரப்பிலும் ஏமாற்றுக்காரர்கள் உண்டு. இபே நிறுவனத்தின் மிகப் பெரிய அஃபிலியேட்டாக இருந்த அமெரிக்கர் ஷான் ஹோகன், பயனர்கள் கிளிக் செய்யாமலேயே அவர்களுடைய கம்ப்யூட்டரில் குக்கியைத் திணித்துக் கமிஷன் வாங்கினார். 2014ல் அவருக்கு 5 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. இன்னொரு பக்கம், பேபாலின் ஹனி என்ற உலாவி நீட்சி கடைசி நொடியில் யூடியூபர்களின் கமிஷனைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறது என்று 2024 டிசம்பரில் குற்றச்சாட்டு எழுந்தது. வழக்குகள் தொடரப்பட்டன, பேபால் மறுத்தது. 2025 மார்ச்சில் குரோம் நீட்சிகளின் அஃபிலியேட் விதிகளைக் கூகுள் இறுக்கியது. யார் நல்லவர் என்ற விவாதத்தில் எங்களுக்கு ஆர்வமில்லை. இரு தரப்பும் ஏமாற்ற முடியாத ஏற்பாடு வேண்டும்.

அப்படி ஒரு ஏற்பாட்டை இந்தக் கடற்கரை பார்த்திருக்கிறது. ஆலந்தலை முத்துக்குளித்துறையின் ஏழு ஊர்களில் ஒன்று. மன்னார் வளைகுடாவில் அரசு நடத்திய சலாபங்களில், அதாவது முத்துக்குளிப்புகளில், கடலடிப் பாரிலிருந்து எடுத்து வந்த சிப்பியைக் குளியாளிகள் கரையில் வேலியடைத்த கொட்டுக்குள் கொண்டுபோய் மூன்று சம குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு அரசுக்கு, ஒன்று குளியாளிக்கு. பிரித்தவர் குளியாளி, எந்தக் குவியல் யாருக்கு என்று காட்டுபவர் அரசு அதிகாரி. ஒரு குவியலைச் சிறிதாகப் பிரித்தால் அதுவே தன் தலையில் விழக்கூடும் என்பதால் குளியாளி சமமாகத்தான் பிரித்தாக வேண்டும். அரசின் பங்கு எண்ணப்பட்டு, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று அன்று மாலையே ஊரறிய ஏலம் போகும். கடலிலேயே சிப்பியை உடைத்து முத்தை எடுத்துவிடும் பழக்கமும் இருந்தது, அதைத் தடுக்கக் காவல் போட்டார்கள். பங்கு மூன்றில் ஒன்றுதானா என்பது தனிக் கேள்வி. அந்த விகிதம் நியாயம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் எண்ணிக்கை எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நடந்தது, பிரிப்பவரும் தேர்ந்தெடுப்பவரும் ஒருவராக இல்லை. தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961ல் முடிந்தது. இன்று எங்கள் பிள்ளைகள் செய்யும் வேலையில் எண்ணுவதும், பிரிப்பதும், தேர்ந்தெடுப்பதும், பணம் தருவதும் ஒரே ஆள்.

சட்டத்தில் எங்களுக்கு இடமே இல்லை என்று நிறுவனங்களின் சில மேலாளர்கள் சொல்வது சரியல்ல. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 213ஆம் பிரிவில், முகவர் தன் முதல்வருக்கு, அதாவது வேலையை ஒப்படைத்தவருக்கு, கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது. முதல்வர் முகவருக்குக் காட்ட வேண்டும் என்று அதில் எழுதவில்லை. ஆனால் 1966ல் நரந்தாஸ் மொரார்தாஸ் கஜிவாலா எதிர் பாப்பம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம், கணக்கு முழுவதும் முதல்வரிடமே இருந்து, தன் கமிஷன் எவ்வளவு என்று முகவரால் அறிய முடியாத நிலையில், முகவரும் கணக்குக் கேட்டு வழக்குப் போடலாம் என்று சொல்லியிருக்கிறது. லிங்க் பகிர்பவர் சட்டப்படி முகவர்தானா என்று நிறுவனங்கள் வாதாடலாம். எங்கள் நிலை அச்சு அசலாக அதுவேதான் என்பது எங்கள் வாதம்.

ஆயினும் சில நூறு ரூபாய் கமிஷனுக்காகப் பக்கத்திலுள்ள திருச்செந்தூரில் வக்கீல் வைத்து வழக்கு நடத்த யாராலும் முடியாது. அதனால் ஒப்பந்தத்திலேயே வேலை முடிய வேண்டும். இனி சங்கம் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு ஆஃபரிலும், நெட்வொர்க்குக்குப் போகும் போஸ்ட்பேக்கின் நகல் சங்கத்தின் சர்வருக்கும் வர வேண்டும். நிராகரித்த ஒவ்வொரு லீடுக்கும் 7 நாளுக்குள் காரணம் எழுத வேண்டும். நிராகரித்த நம்பரை அழைக்கக் கூடாது, விற்கக் கூடாது, அழித்துவிட வேண்டும். நிராகரித்த பிறகு அதே நபர் 90 நாளுக்குள் வாடிக்கையாளரானால் முழுக் கமிஷன் தர வேண்டும். வாடிக்கையாளர் ரகசியத்தைக் காரணம் காட்டிக் கணக்கை மறுப்பதை நாங்கள் ஏற்கவில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நாங்களும் மதிக்கிறோம். பெயரோ நம்பரோ கேட்கவில்லை. கிளிக் ஐ.டி., தேதி, நிலை, காரணம், இந்த நான்கும் போதும்.

எங்கள் பக்கத்துக் கடமையும் உண்டு. போலி லீடு போட்ட உறுப்பினருக்கு ஆஃபர் நிறுத்தப்படும், வாங்கிய கமிஷன் திருப்பித் தரப்படும். புகாருக்கு உள்ளான நிறுவனத்துக்கு 15 நாள் பதிலளிக்க வாய்ப்பு தராமல் அதன் பெயரை வெளியிட மாட்டோம்.

தமிழக அரசு 2023ல் இணையவழி கிக் தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைத்தது. ரெஃபரல் கமிஷனில் உழைப்பவர்களையும் அதில் சேர்க்கும்படி கேட்கிறோம். ராஜஸ்தான் 2023ல் கொண்டுவந்த சட்டம், தளங்களின் கொடுக்கல் வாங்கலை அரசு நடத்தும் தகவல் அமைப்பில் பதிய வழி செய்கிறது. கமிஷன் வேலைக்கும் அதுபோல ஒரு மூன்றாம் தரப்புப் பதிவு இங்கே வர வேண்டும்.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிளிக் ஐ.டி., தேதி, டாஷ்போர்டு ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் அன்றன்றே எடுத்து வையுங்கள். வாடிக்கையாளரின் ஆதார், பான் படங்களை உங்கள் போனில் வைத்துக்கொள்ளாதீர்கள். நிராகரித்ததாகக் காட்டப்பட்ட லீடுக்கு நிறுவனத்திடமிருந்து அழைப்போ கார்டோ வந்திருந்தால், அந்த வாடிக்கையாளரின் சம்மதத்தோடு சங்கத்துக்கு வாருங்கள். தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பதிவு செய்வோம்.