முற்றத்துக் குருவியின் பெயரில் ஒரு வசைச்சொல்

இந்த லீவுக்கு வீட்டுக்குப் போனபோது, விறாந்தைக்குப் பக்கத்து மல்லிகைப் பந்தலுக்குள் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. மூன்று முட்டைகள். இளஞ்சிவப்பில் செம்புள்ளி தெளித்த மாதிரி. "கிட்டப் போகாதை மோனை, மனிச மணம் பட்டா தாய் வராது" என்று அம்மம்மா குசினிக்குள் இருந்தே சத்தம் போட்டா.

தூரத்தில் நின்று ஃபோனில் படம் எடுத்து, விஞ்ஞான பீடத்தில் படிக்கிற என்ர ரூம்மேற்றுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"பிக்னோனோட்டஸ் காஃபெர்."

"அப்பிடியெண்டா?"

"அதுதான் விஞ்ஞானப் பேர்."

"பேருக்கு என்ன அர்த்தம்?"

"அர்த்தம் ஆரடி கேக்கினம்? சோதினையில எழுத்துப் பிழைக்காட்டிக் காணும்."

கலைப்பீடத்துக்காரிக்கு அது காணாது. ஒரு சொல்லைக் கண்டால் அது எங்கிருந்து வந்தது என்று தோண்டத்தானே எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். தோண்டினேன். முதல் பாதி, சாதிப் பெயர், சுலபம். கிரேக்கத்தில் 'பிக்னோஸ்' என்றால் அடர்த்தி, 'நோட்டோன்' என்றால் முதுகு. அடர்ந்த இறகு முதுகுக்காரன். சரி. இரண்டாவது பாதியில்தான் நான் நின்றுவிட்டேன்.

கதை இப்படித்தான். 1760இல் பிரெஞ்சு விலங்கியலாளர் பிரிசோன் இந்தக் குருவியைப் பற்றி எழுதினார். தன் கையில் இருந்த மாதிரி, தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் பிடிக்கப்பட்டது என்று அவர் நினைத்தார். 1766இல் லின்னேயஸ் அதை நம்பி இந்தப் பறவைக்கு 'காஃபெர்' என்று பெயர் வைத்தார். அந்தக் காலத்தில் ஐரோப்பியர் தென்னாபிரிக்க மக்களையும் அவர்களது நிலத்தையும் குறித்த பெயர் அது. ஆனால் எங்கட கொண்டைக்குருவி ஆபிரிக்காவுக்கு உரிய பறவையே இல்லை. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், மியன்மார் பக்கத்துப் பறவை. பிழையான இடம், அதிலிருந்து வந்த பிழையான பெயர்.

பிழை மட்டும் என்றால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பறவைப் பெயர்களில் பிழைகள் நிறைய. நியூகினியின் பெரிய சொர்க்கப் பறவைக்கு லின்னேயஸ் 1758இல் வைத்த பெயர் 'அப்போடா'. அர்த்தம், காலில்லாதது. வியாபாரிகள் கால்களை வெட்டிவிட்டுத் தோலை மட்டும் ஐரோப்பாவுக்கு அனுப்பியதால், அந்தப் பறவைக்குக் காலே கிடையாது, அது வானத்திலேயே வாழ்கிறது என்று ஒரு கதை அங்கே பரவியிருந்தது. பறவைக்கு இரண்டு நல்ல கால்கள் உண்டு, பெயரில் மட்டும் இன்றைக்கும் இல்லை. அந்தப் பெயர் இருக்கட்டும். அது யாரையும் நோகடிக்கவில்லை, மனிதர் எப்படி ஏமாந்தார்கள் என்பதற்கு ஒரு சாட்சியாகவும் இருக்கிறது.

'காஃபெர்' அப்படி இல்லை. அரபியில் நம்பிக்கையில்லாதவன் என்ற பொருள்பட்ட 'காஃபிர்', போர்த்துக்கேயர் வாயிலும் ஒல்லாந்தர் வாயிலும் புகுந்து ஆபிரிக்கக் கறுப்பினத்தவரின் பெயராகியது. பிறகு தென்னாபிரிக்காவில் நிறவெறியின் வசைச்சொல்லாகவே மாறியது. இன்றைக்கு அங்கே அதை முழுதாக உச்சரிக்கவே கூசுவார்கள். 2018இல், இந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கறுப்பினப் பொலிஸாரைத் திட்டிய ஒருவருக்கு நீதிமன்றம் சிறைத்தண்டனை கொடுத்தது.

இது தூரத்துக் கதை என்று நினைக்கிறீர்களா? அந்தச் சொல் எங்கட வீடுகளுக்குள்ளும் இருக்கிறது. 'காப்பிலி' என்று.

எனக்குக் கறுப்பு நிறம், சுருட்டை முடி. சின்ன வயதில் ஒரு கலியாண வீட்டில் சொந்தக்கார மாமி ஒருத்தி என் கன்னத்தைக் கிள்ளி, "என்னடி இவள், காப்பிலிக் குஞ்சு மாதிரி" என்றா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அர்த்தம் தெரியாமல். அதற்குப் பிறகு பல வருஷம் தலைமுடியை எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னித்தான் வெளியில் போவேன். லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிற எங்கட ஆட்கள் அங்குள்ள கறுப்பினத்தவரைப் பற்றிக் கதைக்கும்போது எவ்வளவு சாதாரணமாக இந்தச் சொல்லைப் போடுகிறார்கள் என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். புத்தளம் சிரம்பியடியில், போர்த்துக்கேயர் காலம் தொட்டு இங்கே கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் வழிவந்த ஒரு சிறு சமூகம் இருக்கிறது. அவர்கள் தங்களைக் காஃபிர் என்றே சொல்கிறார்கள். அந்தப் பெயரோடுதான் தங்கள் பாட்டையும் தாளத்தையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். தன் பெயரைத் தானே சொல்வது வேறு, அடுத்தவன் கூப்பிட்டுச் சிரிப்பது வேறு. அவர்கள் எந்தப் பெயரை வைத்துக்கொள்வது என்பது அவர்களுடைய விஷயம். நான் கேட்பது பறவையின் பெயரைப் பற்றி மட்டும்தான்.

இனி, இந்தப் பெயரை மாற்றலாமா? விலங்கியலில் மாற்ற முடியாது. முறைப்படி முதலில் வெளியான பெயர்தான் செல்லும். விலங்குப் பெயரீட்டுக்கான சர்வதேச ஆணைக்குழுவைச் சேர்ந்தவர்கள் 2023இல், ஒரு பெயர் மனதைப் புண்படுத்துகிறது என்பதற்காக அதை மாற்ற மாட்டோம் என்று எழுதினார்கள். அமெரிக்கப் பறவையியல் சங்கம் அதே வருஷம், தன் பட்டியலில் மனிதர்களின் பெயரால் வழங்கும் பறவைகளுக்குப் புதிய பெயர் வைக்கப்போவதாக அறிவித்தது. ஆனால் அது ஆங்கிலப் பெயர்களுக்கு மட்டும். இலத்தீன் பெயரில் கை வைக்கவில்லை.

என்ர ரூம்மேற் விலங்கியல் பக்கம் நின்றாள். "ஒண்டை மாத்தினா எல்லாத்தையும் மாத்தச் சொல்லுவினம். பிறகு இருநூறு வருஷத்து ஆராய்ச்சியை எந்தப் பேரில தேடுறது?"

நியாயமான கேள்வி. லின்னேயஸ் இதை வசையாக வைக்கவில்லை, இடப்பெயராகத்தான் வைத்தார் என்பதும் உண்மை. அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் பெயர்கள் மாறாமல் இருந்ததே இல்லையே. லின்னேயஸ் இதற்கு வைத்த முழுப்பெயர் 'டூர்டஸ் காஃபெர்'. அதை ஒரு டூர்டஸ் என்றே நினைத்தார். பிறகு வந்தவர்கள் அது வேறு சாதி என்று கண்டு முதல் பாதியை மாற்றினார்கள். உலகம் இடிந்து விழவில்லை. பிரிசோனின் இடப் பிழையையும் திருத்தினார்கள். இந்தப் பறவையின் மூல இடம் முதலில் இலங்கை என்று மாற்றப்பட்டது, 1952இல் ஸ்ட்ரேசமான் என்ற ஜெர்மன் அறிஞர் அதைப் புதுச்சேரி என்று நிர்ணயித்தார். சாதியைத் திருத்தலாம், இடத்தைத் திருத்தலாம், வசையை மட்டும் திருத்தக் கூடாதா?

தாவரவியலாளர்கள் திருத்திக் காட்டியிருக்கிறார்கள். தென்னாபிரிக்காவில் 'எரித்ரினா காஃப்ரா' என்று ஒரு மரம். எங்கட கலியாண வீட்டுக் கன்னிக்காலுக்கு நடுகிற முள்முருக்கின் சொந்தக்கார மரம். 2024 ஜூலையில் மட்ரிட்டில் கூடிய சர்வதேச தாவரவியல் மாநாட்டில் வாக்கெடுத்து, 'காஃப்ரா' என்று முடிகிற 200க்கு மேற்பட்ட பெயர்களை 'அஃப்ரா' என்று ஆக்கினார்கள். முன்மொழிந்தவர்கள் தென்னாபிரிக்காவில் வேலை செய்கிற இரண்டு தாவரவியலாளர்கள். ஒரேயொரு எழுத்துத்தான் போனது. பழைய பெயரைத் தேடுகிறவருக்குப் புதியது பக்கத்திலேயே கிடைக்கும். ஆபிரிக்கா என்ற அடையாளமும் போகவில்லை.

கொண்டைக்குருவிக்கும் அதே வழி போதும். 'காஃபெர்' 'ஆஃபெர்' ஆகட்டும். ஆபிரிக்காவுக்குரியது என்ற பழைய பிழை அப்போதும் இருக்கும், இருக்கட்டும். காலில்லாச் சொர்க்கப் பறவை மாதிரி அதுவும் ஒரு சாட்சி. எல்லாப் பெயரையும் கழுவித் துடைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. எங்கட தேசியப் பறவையான காட்டுக்கோழியின் பெயரில் லஃபயெட் என்ற பிரெஞ்சுப் பிரபு இருக்கிறார். அவருக்கும் சிங்கராஜக் காட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவர் இருந்துவிட்டுப் போகட்டும். 2004இல் எங்கட காட்டிலிருந்து புதிதாக விவரிக்கப்பட்ட சின்ன ஆந்தைக்கு, சிங்கராஜாவைக் காப்பாற்றப் பாடுபட்ட திலோ ஹொஃப்மனின் பெயரை வைத்தார்கள். அப்படி நல்ல பெயர்களும் வருகின்றன. பிழைக்கும் பெருமைக்கும் பெயரில் இடம் கொடுக்கலாம். அவமானத்துக்குக் கொடுக்கத் தேவையில்லை.

ஆணைக்குழு என்ர கட்டுரையை வாசிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் காப்பிலி என்ற சொல்லை நிறுத்த எந்த ஆணைக்குழுவும் கூட வேண்டியதில்லை. அடுத்த கலியாண வீட்டில் யாராவது ஒரு சின்னப் பிள்ளையைப் பார்த்து அதைச் சொன்னால், சிரிக்காமல் இருங்கள். முடிந்தால், "அப்பிடிச் சொல்லாதேங்கோ மாமி" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எனக்கு அன்றைக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

கம்பசுக்குத் திரும்புகிற அன்று மூன்று முட்டையில் இரண்டு பொரித்திருந்தது. அம்மம்மாவுக்கு இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே அரிசி புடைத்தவ, கடைசியில் சுளகை வைத்துவிட்டுப் பந்தலைப் பார்த்தா.

"அதின்ர தலையில கொண்டை கிடக்கு. கொண்டைக்குருவி எண்டு வைக்க அவருக்குத் தெரியேல்லையோ?"