காதால் கேட்பதும் பொய்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பழமொழிதானே என்று அதை ஒதுக்கி வைத்திருந்த எங்களை இவ்வாண்டு ஒரு கம்பி சிந்திக்க வைத்தது. ஆம், வெறும் செம்புக் கம்பி!

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை, வீட்டில் பாட்டுக் கேட்பதற்காக ஓர் ஆம்ப்ளிபையரும் இரண்டு ஸ்பீக்கர்களும் தவணை முறையில் வாங்கினார். கடைக்காரர் அத்துடன் விடவில்லை. “சார், இவ்வளவு நல்ல செட்டுக்குச் சாதாரண ஒயரா? தங்க முலாம் போட்ட இந்த ஒயரைப் போட்டுப் பாருங்கள். வித்தியாசத்தை நீங்களே சொல்வீர்கள்” என்றாராம். ஒயரின் விலை ஒரு ஸ்பீக்கரின் விலையில் பாதி. தோழியின் தம்பிக்குச் சைக்கிள் வாங்க எடுத்து வைத்திருந்த பணம் அதற்குப் போயிற்று. போட்டுக் கேட்டபோது வீட்டில் அனைவருக்கும் வித்தியாசம் தெரிந்ததாம். தோழிக்கும்தான், சைக்கிள் போன தம்பிக்கு மட்டும் தெரியவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பிரிவு மாணவியராகிய நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஐந்து மீட்டர் இரட்டை ஒயரில், மின்சாரம் போக ஐந்து, திரும்பி வர ஐந்து, ஆகப் பத்து மீட்டர் செம்பு. வீட்டு விளக்குகளுக்கு இழுக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரானால் அதன் மின்தடை ஏறத்தாழ 0.11 ஓம். ஸ்பீக்கருக்கோ 8 ஓம். ஒயரினால் ஏற்படும் இழப்பு ஒரு டெசிபெல்லில் எட்டில் ஒரு பங்கு. அதைக் கேட்டு உணரும் செவி எங்களில் எவருக்கும் இல்லை. அதே சமயம், நூல் போன்ற 0.2 சதுர மில்லிமீட்டர் ஒயரைப் போட்டால் இழப்பு கிட்டத்தட்ட ஒரு டெசிபெல் ஆகிவிடும். அது காதுக்குத் தெரியக்கூடும். ஆகவே ஒயரின் பருமனைப் பார்த்து வாங்குவது நியாயம். பெயரைப் பார்த்து வாங்குவதுதான் வீண்.

தங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளிக்கு முதலிடம், செம்புக்கு இரண்டாமிடம். நாம் இவ்வளவு போற்றும் தங்கத்திற்கு மூன்றாமிடமே! அது களிம்பேறாது என்பதால் சொருகும் முனைகளில் முலாம் பூசுவது, அதிலும் உப்புக் காற்று வீசும் ஊர்களில், பயனுடையதுதான். இசைக்கு அது மெருகூட்டும் என்பது கடைக்காரரின் கற்பனை.

அப்படியானால் அந்த வீட்டார் பொய் சொன்னார்களா? இல்லை. உண்மையாகவே கேட்டார்கள். பணம் கொடுத்த மனம், கொடுத்த பணத்துக்கு ஏற்றதைக் கேட்க விரும்புகிறது. இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. ஒரே பாட்டை இரு முறை ஒலிக்கச் செய்து, இரண்டாம் முறை ஒலியைச் சற்றே, ஒரு டெசிபெல் அளவுக்குக் கூட்டி வைத்தால், “சத்தம் கூடியிருக்கிறது” என்று நாம் சொல்வதில்லை; “தெளிவாக இருக்கிறது” என்கிறோம். ஆகையால், கடையில் எது சிறந்தது என்று கேட்டுப் பார்க்கும்போது ஒலிக் குமிழ் யார் கையில் இருக்கிறது என்பதைப் பெற்றோர்கள் கவனிப்பது நல்லது.

நாங்கள் செய்த சோதனை எளியது. தோழியின் வீட்டில் ஸ்பீக்கருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு படுக்கை விரிப்பைக் கட்டினோம். பின்னால் ஒருத்தி காசைச் சுண்டி, பூ விழுந்தால் தங்க ஒயர், தலை விழுந்தால் மின்சாமான் கடை ஒயர் என்று மாற்றினாள். முன்னால் இருந்தவர்கள் எது என்று எழுதினோம். சரியாக எழுதியவை ஏறத்தாழப் பாதி! காசையே கேட்டிருந்தாலும் அதுவும் அவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கும். “என்னம்மா, இப்படி ஆகிவிட்டதே!” என்று தோழியின் தந்தை சிரித்தார். முழு மனத்தோடு சிரித்ததாகத் தெரியவில்லை.

சில சிறுமிகளின் காது எதை நிரூபிக்கும் என்று கேட்பீர்கள். 2007-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சார்ந்த மேயர், மோரன் என்ற இருவர், ஒலிப் பொறியாளர் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு சோதனையை வெளியிட்டனர். உயர்தரத் தட்டுகளின் ஒலியை நேராகவும், சாதாரணக் குறுந்தகட்டின் அளவுக்குக் குறைத்தும் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தனர். 554 முறைகளில் சரியான விடை 276. அந்த உயர்தரத் தட்டுகள் பல நன்றாகவே ஒலித்தன என்றும், பதிவு செய்தவர்கள் கூடுதல் அக்கறை காட்டியதே அதன் காரணமாகலாம் என்றும் அவர்கள் நேர்மையாகக் கூறினர். அதே ஆண்டில் ஜேம்ஸ் ராண்டி என்ற மாயவித்தைக்காரர், 7,250 டாலர் விலையுள்ள ஒரு ஜோடி ஸ்பீக்கர் ஒயரைச் சாதாரண ஒயரிலிருந்து காதால் பிரித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். அச்சோதனை நடைபெறவேயில்லை.

பழைய டேப்ரெக்கார்டர்களின் மீது “1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.” என்று அச்சிட்டிருந்ததைப் பெற்றோர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டரில் ஓடும் பெட்டிக்குள் நுழைவது 12 வாட். ஆயிரம் எங்கிருந்து வரும்? நாம் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட். அதுவும் இருமடங்கானால் ஒலி மூன்று டெசிபெல்தான் கூடும். காதுக்கு இருமடங்காகத் தோன்றப் பத்து மடங்கு வாட் வேண்டும்.

பணத்தை எதில்தான் செலவிடுவது? நல்ல ஸ்பீக்கரில், அதற்கடுத்து அறையில். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூட விரிவுரை மண்டபத்தில் பேசிய சொல் ஐந்தரை வினாடி முழங்கிக் கொண்டே இருந்தது. வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியர் வேறோர் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி, முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். மண்டபங்களின் ஒலியியல் அந்த மெத்தைகளிலிருந்து பிறந்தது எனலாம்.

நம் பள்ளி மண்டபத்திலும் பின்வரிசைக்கு நாடக வசனம் புரிவதில்லை. ஆண்டு விழாவுக்கு இன்னும் பெரிய ஒலிபெருக்கி வேண்டும் என்று பேச்சு அடிபடுகிறது. வெறுஞ்சுவரும் சிமெண்டுத் தரையுமாக இருக்கும் இடத்தில் பெரிய ஒலிபெருக்கி பெரிய குழப்பத்தையே தரும். பின்சுவரில் கனமான திரைச்சீலை தொங்கவிட்டுப் பார்க்கலாமே என்று சகோதரி தலைமையாசிரியை அவர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். தைத்துத் தரத் தையல் வகுப்பு மாணவியர் இசைந்துள்ளனர்.

தங்க ஒயரைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அதன் ஒரு துண்டை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு வந்து மீட்டர் பாலத்தில் அளக்க முயன்றோம். அவ்வளவு சிறிய மின்தடையை எங்கள் மீட்டர் பாலத்தால் அளக்க முடியவில்லை.