மூலிகை வாசனை ஒன்றும் செய்யாதா?

“மூலிகைதானே, ரசாயனம் கிடையாது. உடம்புக்கு ஒன்றும் செய்யாது.” குளியல் பொடி முதல் லாவெண்டர் எண்ணெய் வரை எதைத் தேய்த்துக்கொண்டாலும் இதே சமாதானம்தான். கழுத்திலும் அக்குளிலும் அரிப்போடு அலைபவர்களைச் சிகிச்சைக்குப் போகவிடாமல் தடுப்பதும் இந்த நம்பிக்கைதான்.

வாசனை ஒவ்வாமையைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் முதல் கலவையில் எட்டுப் பொருட்கள் உண்டு. கிராம்பிலும் துளசியிலும் இருக்கும் யூஜெனால், ரோஜாவில் இருக்கும் ஜெரானியால், பட்டைக்கு மணம் தரும் சின்னமால் ஆகியவை அதில் அடக்கம். யூஜெனால் கிராம்பிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்று தோல் விசாரிப்பதில்லை. இரண்டும் ஒரே மூலக்கூறு. லாவெண்டரில் உள்ள லினலூல் காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால், முன்பைவிடக் கடுமையாக ஒவ்வாமையைத் தூண்டும். மாதக்கணக்கில் திறந்து மூடிய பாட்டிலில்தான் ஆபத்து அதிகம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விதியைத் திருத்தி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் லேபிளில் பெயர் சொல்ல வேண்டிய வாசனைப் பொருட்களை எண்பதுக்கும் மேலாக உயர்த்தியது. சந்தன எண்ணெயும் மல்லிகையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

“பத்து வருஷமாகப் போடுகிறேன், இப்போது எப்படி வரும்?” என்பது அடுத்த வாதம். இப்போதுதான் வரும். திரும்பத் திரும்பப் பட்ட பிறகே உடலின் தற்காப்பு அணுக்கள் அந்தப் பொருளை எதிரியாக அடையாளம் வைத்துக்கொள்கின்றன. அதன் பிறகும் தடிப்பு தோன்ற ஓரிரு நாள் ஆகும். மணிக்கட்டில் தடவி அரை மணி நேரம் பார்த்துவிட்டு “ஒன்றுமில்லை” என்பது சோதனையே அல்ல. ரத்தப் பரிசோதனையும் இதைக் காட்டாது.

காட்டுவது பேட்ச் டெஸ்ட். யாடசோன் என்ற மருத்துவர் 1895இல் அறிமுகப்படுத்திய முறை அது. வாசலினில் கலந்த சந்தேகப் பொருட்களைச் சின்னஞ்சிறு அலுமினியக் கிண்ணங்களில் வைத்து, முதுகில் வரிசையாக ஒட்டி, பேனாவால் குறியிடுவார்கள். 48 மணி நேரம் முதுகில் தண்ணீர் படக்கூடாது. வியர்க்க வேலை செய்யவும் கூடாது. பிரித்ததும் ஒருமுறை, அடுத்த சில நாட்களில் மறுமுறை பார்ப்பார்கள். குற்றவாளிப் பொருள் இருந்த இடத்தில் சிவந்து, தடித்து, சில சமயம் கொப்புளமே எழும். சிரமம்தான், ஆனால் எதை விலக்க வேண்டும் என்று பெயரோடு தெரிந்துவிடும்.

அரிப்பு விட்டுவிட்டு வந்தால் களிம்பை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். வீட்டில் பூசுவது, தெளிப்பது, தேய்ப்பது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு தோல் மருத்துவரிடம் போய் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். ‘மூலிகை’ முத்திரை குத்திய பாட்டிலையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.