ஹைட்ரைடு புராணமும் அஞ்சு கிலோ ஹைட்ரஜனும்

மாசத்துக்கு ஒரு தடவையாவது இந்தச் செய்தி கண்ணுல படுது மக்களே. ஹைட்ரஜனைப் பஞ்சு மாதிரி உறிஞ்சுற அதிசய உலோகப் பொடியாம். இனிமே அழுத்த சிலிண்டரே வேண்டாமாம், பொடியை வச்சே கார் ஓட்டலாமாம். கீழேயே ஒருத்தர் வந்து "பெட்ரோல் கம்பெனிக்காரன் அமுக்கிட்டான் சார்"னு போடுவார். அதுக்கு நாலு பேர் ஆமாஞ்சாமி.

பொடி நிஜம். உறிஞ்சுறதும் நிஜம். வில்லங்கம் எல்லாம் சொல்லாம விட்ட கணக்குலதான்.

முதல்ல, இது புதுசே இல்லை. பல்லேடியம் தன்னோட கன அளவைப் போலப் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை உள்ள வாங்குதுன்னு தாமஸ் கிரஹாம் 1866லயே சொல்லிட்டார்.

அடுத்து, இது பஞ்சும் இல்லை. பஞ்சைப் பிழிஞ்சா தண்ணி வந்துடும். இங்க ஹைட்ரஜன் மூலக்கூறு உலோகத்தோட மேற்பரப்புல ரெண்டு அணுவா உடைஞ்சு, உலோக அணுக்களுக்கு நடுவுல இருக்கற சந்துல போய் உக்காருது. அது வேதிப் பிணைப்பு. உக்காரும்போது சூடு வெளிய வரும். திரும்பக் கிளப்பணும்னா அந்தச் சூட்டை நாமதான் கொடுக்கணும். கிளிஞ்சல் சுண்ணாம்பு நீத்துறதைப் பாத்திருக்கீங்களா? தண்ணி ஊத்தினதும் தளதளன்னு கொதிக்கும். அந்தத் தண்ணியைத் திரும்ப வெளிய எடுக்கணும்னா சூளையிலதான் போடணும். ஹைட்ரைடு கதையும் அதேதான்.

இப்ப கணக்குக்கு வருவோம். 2014ல வந்த டொயோட்டா மிராய் காருல 5 கிலோ ஹைட்ரஜன், 700 பார் அழுத்தத்துல. டாங்க் எடை சுமார் 90 கிலோ. அதே 5 கிலோவை லாந்தனம்-நிக்கல் கலவையில வச்சா? அது எடையில 1.4% தான் பிடிக்கும். பொடி மட்டுமே கிட்டத்தட்ட 360 கிலோ! டாங்க், குழாய் எல்லாம் தனி.

"மக்னீசியம் 7.6% பிடிக்குமே"ம்பாங்க. பிடிக்கும். ஆனா விடணும்னா சுமார் 300 டிகிரி சூடு வேணும். ஒரு மோல் ஹைட்ரஜனைக் கிளப்ப 75 கிலோஜூல் செலவு, அதை எரிச்சா கிடைக்கறது 242. நூறு ரூபா சம்பளத்துல முப்பத்தோரு ரூபா வாசல்லயே கமிஷன். கார்ல இருக்கற எரிபொருள் கலத்தோட கழிவுச் சூடு 80 டிகிரி பக்கம்தான். மிச்சத்துக்கு எங்க போறது?

நிரப்புறது இன்னும் கூத்து. லாந்தனம்-நிக்கல் சாதுவான ஆள், மோலுக்கு 30 கிலோஜூல்தான் விடும். அதுலயே 5 கிலோவை அஞ்சு நிமிஷத்துல ஏத்தினா 250 கிலோவாட் வெப்பம் வரும். வீட்டு கீசர் 2 கிலோவாட்னு வச்சுக்கோங்க, 125 கீசரைக் காருக்குள்ள ஒரே நேரத்துல போட்ட மாதிரி. போதாக்குறைக்கு, ஏத்தி ஏத்தி இறக்கினா உலோகம் விரிஞ்சு சுருங்கி மாவா உதிரும். மாவு வெப்பத்தைச் சரியாக் கடத்தாது.

"ஆராய்ச்சி பண்ணா சரியாயிடாதா?" பண்ணாமலா இருக்காங்க? 1980கள்ல டெய்ம்லர்-பென்ஸ் மேற்கு பெர்லின்ல ஹைட்ரைடு வண்டி ஓட்டிப் பார்த்தாங்க. 1997ல பொக்டானோவிச், சோடியம் அலனேட்டுல டைட்டானியம் வினையூக்கி போட்டு ஹைட்ரஜனை ஏத்தி இறக்கிக் காட்டினார். அமெரிக்க எரிசக்தித் துறை 2005ல ஹைட்ரைடுக்குன்னே தனி ஆராய்ச்சி மையம் வச்சு அஞ்சு வருஷம் நடத்திச்சு. காருக்கு வேண்டிய எல்லா நிபந்தனையும் ஒண்ணாப் பொருந்துற பொருள் மாட்டலை. பெட்ரோல் கதையில ஒரு துண்டு நிஜம் உண்டு: பெரிய நிக்கல்-ஹைட்ரைடு பேட்டரியில ஜெனரல் மோட்டார்ஸுக்கு இருந்த பங்கு டெக்ஸகோவுக்கும், 2001 இணைப்புக்கு அப்புறம் ஷெவ்ரானுக்கும் போச்சு. ஆனா அது பேட்டரி சமாச்சாரம். ஹைட்ரஜன் டாங்கை எந்தக் கம்பெனியும் அமுக்கலை, வெப்ப இயக்கவியல்தான் அமுக்கிச்சு.

அப்ப ஹைட்ரைடு குப்பையா? இல்லவே இல்லை. எனக்குக் கோபமே அங்கதான். காருக்கு ஆகலைன்னதும், உருப்படியான இடத்தையும் சேர்த்து மறந்துடறோம்.

700 பார்ல ஒரு லிட்டருக்கு 40 கிராம் ஹைட்ரஜன். மைனஸ் 253 டிகிரியில திரவமாக்கினா 71. மக்னீசியம் ஹைட்ரைடு திடப்பொருள்ல சுமார் 110! எடை பிரச்சினை இல்லாத இடத்துல இது ராஜா. ஜெர்மனியோட 212ஏ நீர்மூழ்கிக் கப்பல் ஹைட்ரஜனை ஹைட்ரைடு உருளையிலதான் வச்சிருக்கு. அடிக்கனம் எப்படியும் வேணும்ங்கற கப்பலுக்கு எடை ஒரு குறையா? ஃபோர்க்லிஃப்ட்டுக்கும் பின்பாரம் வேணும். மின்சாரம் சேமிக்கிற கட்டடத்துக்கு எடையைப் பத்திக் கவலையே இல்லை. 1997 பிரியஸ்ல இருந்து 2022ல வந்த இன்னோவா ஹைகிராஸ் வரைக்கும் நிக்கல்-ஹைட்ரைடு பேட்டரி ஓடுது. உங்க கேமராவுக்கு வாங்கின 1.2 வோல்ட் ரீசார்ஜ் செல்லும் அதேதான். அதிசயத்தைத் தேடறவர் மேசை டிராயரைத் திறந்து பார்க்கலாம் :-)

ஏன் இவ்வளவு கத்தறேன்? தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 2023 ஜனவரியில 19,744 கோடி ஒதுக்கினாங்க. நம்ம வரிப்பணம். ஐஐடி மெட்ராஸ்ல ஹைட்ரைடு படுகைக்குள்ள வெப்பம் எப்படி ஓடுதுன்னு வருஷக்கணக்கா மண்டையை உடைச்சிருக்காங்க. செய்தி போடறவங்க வெப்பம்ங்கற வார்த்தையையே தொடறதில்லை. கேள்வி கேக்கத் தெரியலைன்னா கூட்டம் பொடி விக்கறவன் பின்னாடிதான் போகும்.

அதனால அடுத்த தடவை யாராவது அதிசயப் பொடியோட வந்தா மூணே கேள்வி கேளுங்க. டாங்கோட சேர்த்து எத்தனை சதவீதம்? எத்தனை டிகிரியில விடும், அந்தச் சூடு எங்கிருந்து வரும்? எத்தனை தடவை ஏத்தி இறக்கலாம், அதுவும் எவ்வளவு சுத்தமான ஹைட்ரஜன்ல?

பதில் வந்தா உக்காந்து கேளுங்க. "காப்புரிமை ரகசியம்"னு இழுத்தா பர்ஸை இறுக்கிப் பிடிச்சுக்கோங்க.

பி.கு: கணக்குல சந்தேகம் இருந்தா பின்னூட்டத்துல நம்பரோட வாங்க. "நம்ம முன்னோர்கள் அப்பவே..."ன்னு ஆரம்பிக்கறவங்களுக்கு மட்டும் ஒரு பெரிய கும்பிடு.