எழுத்து மாறினால்

புரதம் என்ற சொல்லைக் கேட்டதும் மாணவர் பலர்க்கு நினைவில் வருவன பருப்பும் பாலும் முட்டையுமே. உடலை வளர்க்கும் உணவுப்பொருள் அது என்று ஏட்டில் எழுதி, அவ்வளவில் அமைந்துவிடுகின்றனர். அஃது உண்மையே, ஆயினும் பாதி உண்மை. உண்ட சோற்றைச் செரிக்கச் செய்யும் நொதிகளும், உட்புகுந்த நோய்க்கிருமிகளைப் பற்றித் தடுக்கும் எதிர்ப்பொருள்களும், தசையைச் சுருக்கும் இழைகளும் புரதங்களே. இத்தனை தொழில்களையும் ஓரினப் பொருள் செய்வது எங்ஙனம்? இதனைக் கற்பியாது விடுதல், ஒரு நூலின் எடையைச் சொல்லி அதன் பொருளைச் சொல்லாது விடுதலை ஒக்கும்.

தமிழின் முதலெழுத்துக்கள் முப்பது. புரதங்களை ஆக்கும் அமினோ அமிலங்களோ பெரும்பாலும் 20 வகையே. அவை கோத்த மணிகள்போல ஒன்றன்பின் ஒன்றாய் இணைந்து சங்கிலியாகின்றன. எழுத்துக்கள் நிற்கும் முறையால் சொல் வேறுபடுதல்போல, அமிலங்கள் நிற்கும் முறையால் புரதம் வேறுபடுகின்றது. ஆனால், சங்கிலி நீண்டே கிடப்பதில்லை. தன் வரிசைக்கேற்பச் சுருண்டும் மடிந்தும் ஒரு வடிவம் கொள்ளுகின்றது; அவ்வடிவமே பெரும்பாலும் அதன் தொழிலை வரையறுப்பது. முட்டையை வேகவைத்தால் வெண்கரு கட்டியாகின்றதன்றோ? ஆங்குச் சங்கிலி அறவில்லை. மடிப்புக் குலைந்தது, அவ்வளவே. ஆறவைத்தாலும் பழைய நிலை மீள்வதில்லை.

தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொல்லாசன் என்னும் புரதம், மூன்று புரிகளை முறுக்கிய கயிறு போன்றது. இவ்வடிவத்தை 1954-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து உலகிற்கு உரைத்தவர்கள் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். ஒவ்வொரு புரியிலும் மூன்றாம் இடந்தோறும் மிகச் சிறிய அமிலமாகிய கிளைசின் நிற்பதனால்தான் அவை நெருங்கி முறுக்கிக்கொள்ள இடம் வாய்க்கின்றது. சென்னை மாணவர் இதனை அறியாதிருத்தல் பெருங்குறை.

குருதியில் உயிர்வளியைச் சுமந்து செல்வது ஈமோகுளோபின். அதன் சங்கிலிகள் நான்கு, அமிலங்கள் 574. அவற்றுள் பீட்டா எனப்படும் இரு சங்கிலிகளிலும் ஆறாம் இடத்தில் நிற்க வேண்டியது குளூட்டாமிக் அமிலம். அவ்விடத்தில் வேலின் என்னும் வேறோர் அமிலம் வந்து நின்றால், 'கலை' என்பது ஓரெழுத்து மாறிக் 'கொலை' ஆனாற்போல எல்லாம் திரிந்துவிடுகின்றது. உயிர்வளியை இறக்கிய பின்னர் அப்புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாகி, வட்டமான சிவப்பணுவை அரிவாள்போல வளைக்கின்றன. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கும்; பொறுத்தற்கரிய வலி உண்டாகும்; சோகை பற்றும். இவ்வோரிட மாற்றத்தை 1957-இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்து காட்டியவர் வெர்னன் இங்கிராம்.

இந்நோய்க்கூறு நீலகிரி மலைவாழ் மக்கள் சிலரிடையே உள்ளதென 1952-ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது. ஆயினும் இத்தகைய பிள்ளை வாடி மெலியக் கண்டால், ஊட்டம் தரவில்லை என்று தாயைக் கடிபவர் உளர். ஊட்டம் வேண்டுவதே, எனினும், எத்துணைப் பாலும் பருப்பும் ஊட்டினும் ஆறாம் இடத்து அமிலம் மாறாது. அது தாய், தந்தை இருவர் வழியாகவும் வந்து சேர்ந்தது. சிறிதளவு குருதியைச் சோதித்தால் குழவிப் பருவத்திலேயே அதனை அறிந்துகொள்ளலாம்.