திரையில் ஒரு வெண்பா

விளையாட்டு என்னும் சொல்லுக்கு நம் பெரியோர்களின் அகராதியில் இரண்டு பொருள் உண்டு. திடலில் ஆடினால் அது உடற்பயிற்சி. திரையில் ஆடினால் அது உருப்படாத வேலை. அண்மைக்காலம் வரை நானும் அவ்வகராதியையே கையில் வைத்திருந்தேன். அதனைத் திருத்திக்கொள்ள நேர்ந்த வரலாற்றையும், அத்திருத்தம் நம் துறைக்கும் நம் மாணவர்க்கும் ஏன் தேவை என்பதையும் இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகிறேன்.

விடுதியில் ஓர் இரவு

சில ஆண்டுகளுக்கு முன் விடுதித் துணைக் காப்பாளர் பொறுப்பில் இருந்தேன். இஷா தொழுகையும் இரவு உணவும் முடிந்து படிப்பு நேரம் தொடங்கியபின் அறை அறையாகச் சென்று பார்ப்பது வழக்கம். ஓர் அறையில் இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் மடிக்கணினியின் முன் குனிந்திருந்தார். திரையில் அடுப்பும் இட்லிப் பானையும் தெரிந்தன. "என்ன தம்பி, என்ன செய்துகொண்டிருக்கிறாய்?" என்றேன். "வெண்பா, ஐயா" என்றார். மறுநாள் அவருக்கு யாப்பிலக்கணத் தேர்வு. என்னை எள்ளுகிறார் என்றெண்ணிச் சினந்தேன். மடிக்கணினியை வாங்கிச் சென்று அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஒரு வாரம் கழித்தே திருப்பிக் கொடுத்தேன்.

அவர் கூறியது பொய்யன்று என்பதைப் பின்னரே அறிந்தேன். 'வெண்பா' என்னும் பெயரிலேயே ஒரு கணினி விளையாட்டு உண்டு. அதுமட்டுமன்று, அதனைப் பார்த்து அவர் தாமே உருவாக்கிவந்த சிறு விளையாட்டு ஒன்றும் அக்கணினியில் இருந்தது. மாணவர்க்கான போட்டி ஒன்றுக்கு அதனை அனுப்பும் கடைசி நாள் அந்த ஒரு வாரத்திற்குள் வந்து போயிற்று. அவர் என்னிடம் முறையிடவில்லை. அறைத் தோழர் சொல்லித்தான் செய்தி தெரிந்தது. அழைத்துக் கேட்டபோது, "பரவாயில்லை, ஐயா. மறுநாள் தேர்வு இருந்ததே, நீங்கள் செய்ததும் முறைதான்" என்றார். அவர் வருந்திப் பேசியிருந்தால் நான் ஆறுதல் கூறியிருப்பேன். அவர் என்னையே தேற்றியதால் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமற் போயிற்று.

பெரியோரின் அச்சம் பொய்யன்று

என் சினத்திற்கு அடிப்படை இல்லாமலில்லை. இணையவழிச் சீட்டாட்டத்தில் பணமிழந்து உயிரை மாய்த்துக்கொண்டோர் செய்தியை நாம் பன்முறை படித்திருக்கிறோம். தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. 2025ஆம் ஆண்டு நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றிற்று. கட்டுப்பாடின்றி ஆடுதலை உலக நலவாழ்வு நிறுவனம் ஒரு நோயாகவே வகைப்படுத்தி, 2019ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட தன் நோய்ப்பட்டியலில் சேர்த்துள்ளது. ஆகவே, ஜமாஅத் பெரியோர்களும் பெற்றோர்களும் அஞ்சுவதில் பொருளுண்டு.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2025ஆம் ஆண்டுச் சட்டம் பணம் வைத்தாடுவதைத் தடுக்கும் அதே வேளையில், பணம் வைக்காத விளையாட்டுகளை வளர்க்கவும் இடமளிக்கிறது. சட்டம் காணும் வேறுபாட்டை ஆசிரியன் காணாதிருக்கலாமா? மஞ்சள் பத்திரிகை ஒன்று உண்டென்பதற்காக நூலகத்தை நாம் பூட்டுவதில்லையே!

சிறுபத்திரிகை போல ஒரு சிறு விளையாட்டு

பெரும் நிறுவனங்கள் நூற்றுக்கணக்கானோரை அமர்த்திப் பெருந்தொகை செலவிட்டு உருவாக்கும் விளையாட்டுகள் ஒருபுறம் இருக்க, ஒருவரோ நால்வரோ தம் கைப்பொறுப்பில் உருவாக்கும் விளையாட்டுகளும் உலகில் உண்டு. இவற்றை 'இண்டி' விளையாட்டுகள் என்பர். தமிழ் மாணவர்க்கு எளிதில் விளங்கும்படி கூறினால், இவை விளையாட்டுலகின் சிறுபத்திரிகைகள். நம் வத்தலக்குண்டைச் சேர்ந்த சி.சு.செல்லப்பா 1959ஆம் ஆண்டு 'எழுத்து' இதழைத் தொடங்கி, பின்னர் நூல்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றாரல்லவா? அத்தகைய பிடிவாதம் இத்துறையிலும் உண்டு. ஜப்பானைச் சேர்ந்த தைசுகே அமாயா என்பவர் ஐந்தாண்டுகள் தனியொருவராக உழைத்து 'கேவ் ஸ்டோரி' என்னும் விளையாட்டை உருவாக்கி, 2004ஆம் ஆண்டு உலகிற்கு இலவசமாகவே வழங்கினார். நம் நாட்டில் புனே நகரத்துச் சிறு குழுவொன்று உருவாக்கி 2020ஆம் ஆண்டு வெளியிட்ட 'ராஜி', கூத்தாடிக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி காணாமற்போன தம்பியைத் தேடிச் செல்லும் கதையாகும்.

இவ்வகை விளையாட்டுகளில் மூன்று செயல்களே பெரும்பாலும் மாறி மாறி வரும். அறியாத இடத்தில் வழி தேடுதல், புதிரை அவிழ்த்தல், மேடும் பள்ளமும் தாண்டிக் குதித்தல் என்பன அவை. இவற்றுள் எது நமக்குப் புதியது? சில்லை எறிந்து கட்டம் கட்டமாக நொண்டித் தாவும் பாண்டி ஆட்டத்தை நம் சிறுமியர் அறிவர். மூன்று புலியையும் பதினைந்து ஆட்டையும் வைத்து வழியடைக்கும் கணக்கைத் திண்ணைகள் அறியும். வினா விடுத்து விடை காணும் சுவையோ நம் இலக்கியத்திலேயே உண்டு. இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழிலக்கியங்களுள் காலத்தால் முந்தியதாகிய 'ஆயிர மசலா', 1572ஆம் ஆண்டு மதுரையில் அரங்கேறியது. வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய அந்நூல் முழுவதும் வினாவும் விடையுமாகவே நடக்கிறது. 'மசலா' என்னும் சொல்லுக்கே வினா என்பதுதான் பொருள்.

இன்னொரு செய்தியும் ஈண்டு நினைக்கத்தக்கது. கணினியில் வழி தேடும் விளையாட்டுகளுக்கெல்லாம் முன்னோடியான 'அட்வெஞ்சர்', 1976ஆம் ஆண்டளவில் வில் கிரௌதர் என்னும் அமெரிக்கரால் எழுதப்பட்டது. அவர் குகைகளில் இறங்கி வரைபடம் எடுப்பவர். கென்டக்கி மாநிலத்து மம்மத் குகையைத் தம் பெண்மக்கள் விளையாடி மகிழச் சொற்களால் கணினிக்குள் அமைத்தார். அதில் படமே இல்லை. படித்துப் படித்தே வழி காண வேண்டும். இத்துறையின் பிறப்பிலேயே தந்தையின் அன்பும், தான் கண்ட நிலத்தின் அறிவும், மொழியும் கலந்திருந்தன என்பது கண்கூடு.

'வெண்பா' சொல்வது என்ன?

இனி, என்னைச் சினக்க வைத்த 'வெண்பா'விற்கு வருவோம். கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் 'விசை கேம்ஸ்' என்னும் சிறு குழு 2023ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று இதனை வெளியிட்டது. தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்த வெண்பா என்னும் பெண், அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்த மகன் கவின் ஆகியோரின் கதை 1988ஆம் ஆண்டில் தொடங்குகிறது. தாய் கொடுத்தனுப்பிய சமையற் குறிப்பேடு கிழிந்தும் மை கரைந்தும் போயிருக்கிறது. எஞ்சிய சொற்களைக் கொண்டு, மறைந்த செய்முறையை ஆடுவோர் கண்டறிதல் வேண்டும். இட்லித் தட்டுகளை எவ்வாறு அடுக்குவது, புட்டுக்குழலில் எதை முதலில் இடுவது, பிரியாணிக்கு எதன்மேல் எதைச் சேர்ப்பது என்பனவே புதிர்கள். நம் திண்டுக்கல்லுக்குப் பிரியாணிப் பாடம் வேண்டியதில்லை எனினும் நானும் முதன்முறை தவறினேன்!

விளையாடி முடித்தபின் எனக்கு உ.வே.சாமிநாதையரே நினைவிற்கு வந்தார். செல்லரித்த ஏடுகளில் விட்டுப்போன சொல்லை, முன்னும் பின்னும் நிற்கும் சொற்களைக் கொண்டு உய்த்துணர்ந்து 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தாரே, அப்பணியின் சிறு நிழல் இதில் உண்டு. பாடம் சிதைந்த இடத்தில் நின்று, மீண்டும் படித்து, ஊகித்து, செய்து பார்த்து, தவறினால் திருத்திக்கொள்ளும் பயிற்சி இது. சுவடிப் பதிப்பைப் பற்றி வகுப்பில் ஓராண்டு பேசியும் நான் ஊட்ட இயலாத ஓர் உணர்வை, ஒரு கிழிந்த சமையற் குறிப்பு அம்மாணவருக்கு ஊட்டியிருந்தது.

மகன் வளர வளரத் தாயின் மொழியிலிருந்து விலகிச் செல்கிறான். பிற்பகுதியில் அவனே அக்குறிப்பேட்டைத் திறந்து சமைக்க முற்படுகிறான். தமிழைக் கற்றவர்க்கு அவ்விடம் நெஞ்சைத் தொடும். கதையாகப் படித்தால் அவனுக்காக இரங்குவோம். விளையாட்டாகையால் அவன் கையாகவே நாமும் தடுமாறுகிறோம். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. 2024ஆம் ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு இதனைச் சிறந்த முதற்படைப்பாகத் தேர்ந்தது. அவ்வாண்டே அமெரிக்காவில் நடைபெற்ற தனிப்படைப்பு விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசும் இதற்கே கிடைத்தது. தமிழ்ப்பெயர், தமிழ்க்குடும்பம், தமிழ்ச்சமையல் என எதையும் மறைக்காமல் பெற்ற பரிசுகள் இவை.

சிறுமலைக் குதிரை

மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்தபின், அம்மாணவர் தம் விளையாட்டை எனக்குக் காட்டினார். அவர் ஊர் சிறுமலை அடிவாரம். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை வருவதற்கு முன், வாழைத்தாரையும் எலுமிச்சை மூட்டையையும் மலையிலிருந்து இறக்கியவை குதிரைகளே. மலைத்தோட்டங்களில் அவற்றின் உழைப்பை இன்றும் காணலாம். அவர் விளையாட்டில் நாம் ஒரு குதிரை. முதுகில் வாழைத்தார். ஒற்றையடிப் பாதையில் ஓடையைத் தாண்டி, பாறை விட்டுப் பாறை குதித்து, தார் நசுங்காமல் சந்தைக்கு இறங்குதல் வேண்டும். வழி பிரியும் இடந்தோறும் ஒரு கிழவி விடுகதை போடுவாள். விடையறிந்தால்தான் சரியான தடம் தெரியும். அவ்விடுகதைகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். நாட்டுப்புறவியல் தாளுக்காக அவர் தம் பாட்டியிடம் கேட்டுத் தொகுத்தவை என்றார். நான் மதிப்பெண் இட்டுக் கட்டிவைத்த தொகுப்பு அது. என் அலமாரியில் உறங்கிய விடுகதைகள் அவர் திரையில் உயிர்பெற்று நின்றன.

அப்போது அவருக்கு இருந்த தொல்லை ஒன்றையும் கூறினார். அவர் முதலில் பயன்படுத்திய மென்பொருளில் தமிழெழுத்துகள் சிதைந்து தோன்றின. கொம்பு எழுத்துக்கு முன் வராமல் பின்னே சென்று நின்றது. பின்னர் 'கோடோ' என்னும் இலவச மென்பொருளின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பில் அக்குறை நீங்கியிருப்பதைக் கண்டு அதற்கு மாறினார். தமிழெழுத்து திரையில் முறையாக நிற்கிறதா என்று பார்ப்பது யார் பணி? கணினித்துறையினர்க்கு எழுத்திலக்கணம் தெரியாது. நமக்குக் கணினி தெரியாது. இடையில் நின்று துன்புற்றவர் ஓர் இரண்டாமாண்டு மாணவர்.

பூட்டும் சாவியும்

நல்ல விளையாட்டையும் தீயதையும் பிரித்தறிய நம் ஊர்த் தொழிலே அளவுகோல் தருகிறது. 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டை எண்ணுங்கள். மாங்காய்ப் பூட்டைக் கையால் செய்யும் தொழிலாளி அதற்குரிய சாவியையும் செய்கிறார். எத்துணை நுட்பமான பூட்டாயினும் திறக்கும் வழி உண்டு. புதிர் விளையாட்டும் அவ்வாறே. ஆக்கியோன் விடையையும் உள்ளேயே வைத்திருக்கிறான். பொறுமையும் கூர்மையும் உடையவர் அதனைக் காண்பர். சூதாட்டமோ சாவியே செய்யப்படாத பூட்டு. திறக்கும் திறக்கும் என்று நம்பவைத்துக் கைப்பொருளை விழுங்குவதே அதன் தொழில்.

ஆகவே பெற்றோர்க்கும் பெரியோர்க்கும் நான் வேண்டுவது இதுதான். பிள்ளையின் கையிலிருப்பதைப் பறிப்பதற்கு முன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதில் பணம் கட்ட வேண்டுமா? இதற்கு முடிவு உண்டா? இதில் நீ என்ன கண்டாய்? மூன்றாம் வினாவிற்கு விடை சொல்ல வாய் திறக்கும் பிள்ளையை அஞ்ச வேண்டியதில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழ்த்துறையும் கணினித்துறையும் ஆண்டுக்கொரு முறையேனும் ஓர் அறையில் அமர்தல் வேண்டும். கதையும் விடுகதையும் சொல்லும் நம்மிடம் உண்டு; கருவியும் கணக்கும் அவர்களிடம் உண்டு. நான்கு மாணவர் சேர்ந்து அரைமணி நேர விளையாட்டு ஒன்றை உருவாக்கினால், அதனை ஓர் ஆய்வேட்டுக்கு நிகராக ஏற்பதில் தவறென்ன?

மாணவர்களே! உங்களுக்கும் கடமை உண்டு. நல்ல விளையாட்டும் உறக்கத்தைத் திருடும். தொழுகைக்கும் தேர்வுக்கும் உரிய நேரத்தை அதற்குக் கொடுத்துவிட்டு என்னைத் துணைக்கு அழைக்காதீர்கள். ஆடுவதோடு நில்லாமல் ஆக்கவும் முற்படுங்கள். உங்கள் ஊரில் ஒரு மலையோ, ஒரு தொழிலோ, ஒரு பாட்டியின் கதையோ இல்லாமலிராது.

அம்மாணவர் தவறவிட்ட போட்டியை என்னால் மீட்டுத்தர இயலவில்லை. அவர் படிப்பு முடிந்து செல்லும் முன் தம் விளையாட்டை நிறைவு செய்து, துறைக் கணினியில் ஏற்றி வைத்துச் சென்றார். ஓய்வு நேரத்தில் அதனை ஆடிப் பார்க்கிறேன். மூன்றாம் விடுகதையைத் தாண்ட எனக்கு இரண்டு நாளாயிற்று. விடையைத் தொலைபேசியில் கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டார். "மறுபடியும் படித்துப் பாருங்கள், ஐயா" என்றார். வகுப்பில் நான் அவரிடம் பன்முறை கூறிய அதே சொல்.